ஐந்து டிரைவுகளும் ஒரு பிராதும்

தினேஷை இத்தாலிக்கு அனுப்பினார்கள். என்னை விருத்தாசலத்துக்கு அனுப்பினார்கள்.

நாங்கள் இருவரும் மலேசியாவில் ஈப்போவில் ஒரே நிறுவனத்தில், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பீங்கான் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் செய்து விற்கிற நிறுவனம் அது. இயந்திரம் போய் இறங்கிய ஊருக்குப் பின்னாலேயே நாங்களும் போய் அதை ஓட வைத்துக் கொடுக்க வேண்டும். தினேஷ் செய்கிற வேலையைத்தான் நானும் செய்கிறேன். சொல்லப்போனால் அவனைவிடச் சுத்தமாகச் செய்கிறேன். ஆனால் மேலாளரிடம் சிரித்துப் பேசும் கலை அவனுக்கு வாய்த்த அளவு எனக்கு வாய்க்கவில்லை.

"உனக்குத்தான் தமிழ் தெரியுமே" என்றார் மேலாளர். தினேஷுக்கும் தமிழ் தெரியும். இத்தாலிய மொழியில் அவனுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பிறகு ஏன் அவனுக்கு இத்தாலி என்று நான் அவரிடம் கேட்கவில்லை. சென்னையில் இறங்கும்வரை மனத்துக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன்.

சென்னையிலிருந்து விருத்தாசலத்துக்குப் பஸ். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் பின் டயர் பஞ்சர். எங்கள் ஊரில் இப்படி நடந்தால் ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் வட்டமாக உட்கார்ந்து குடும்பக் கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஓர் அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த வேகவைத்த நிலக்கடலையில் ஒரு கைப்பிடி எடுத்து என் கையில் வைத்தார். "மல்லாட்ட சாப்புடுங்க" என்றார். நான் மலேசியா என்றதும் அவருடைய பெரியம்மா மகனும் அங்கேதான் இருப்பதாகச் சொல்லி, பார்த்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் வாடியதைப் பார்த்து, உயரமாக இருப்பாரா என்று கேட்டு வைத்தேன். ஆமாம் என்று சொல்லி இன்னொரு கைப்பிடி கொடுத்தார்.

அன்று இரவு விருத்தாசலம் பாலக்கரைப் பக்கம் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டேன். நாங்கள் ரொட்டி சானாய் என்று சொல்லிப் பெருமையடித்துக்கொள்வோமே, அதற்கு அண்ணன் முறை. சால்னாவை ஊற்றி ஊறவிட்டுத் தின்றபோது ஈப்போவில் அந்த ரொட்டி போட்டு விற்கும் மாமாக் கடைக்காரரை நினைத்து எனக்குக் கோபமே வந்தது. இத்தனை வருடம் நம்மை ஏமாற்றியிருக்கிறாரே என்று இருந்தது. எதைப் பார்த்தாலும் இது அங்கே இல்லையே, அது எனக்கு இல்லையே என்று போகிற மனம் எனக்கு. அது நல்ல பழக்கம் இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போகும் வழியில் ஒரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தது. மின்னஞ்சல் பார்க்கலாம் என்று நுழைந்ததுதான் நான் செய்த முதல் தவறு. தினேஷ் ஒரு படம் அனுப்பியிருந்தான். மேசை நிறையச் சாப்பாடு. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் அவன் தோளில் கை போட்டிருக்கிறார். பின்னால் மலையும் திராட்சைத் தோட்டமும். "இங்கே வேலை இரண்டு நாளில் முடிந்துவிட்டது, சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தான். அந்த "சும்மா" இருக்கிறதே, அது என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

தொழிற்சாலை, ஊருக்கு வெளியே சூளைகள் வரிசையாக இருக்கும் சாலையில். உடைந்த பீங்கான் துண்டுகளைக் கொட்டிச் சாலைப் பள்ளங்களை நிரப்பியிருந்தார்கள். ஆட்டோ அதன்மேல் ஏறியபோது பல் கூசியது. வீடுகளில் ஃபியூஸ் போடுகிற வெள்ளைக் கட்டைகள் அங்கே தயாராகின்றன. அந்தக் கட்டைகளைக் கையால் பளபளப்புக் கரைசலில் முக்கி, அடிப்பக்கம் துடைத்து, தட்டில் அடுக்கிச் சூளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இயந்திரம் அதைத் தானாகச் செய்யும். வெள்ளிக்கிழமை மும்பையிலிருந்து ஒரு வியாபாரி வருகிறார், அவர் எதிரே இது ஓடியாக வேண்டும் என்றார் தொழிற்சாலை முதலாளி. ஓடாவிட்டால் இயந்திரம் வந்த வழியே திரும்பிப் போகும் என்பதையும் காபியோடு சேர்த்துச் சொல்லிவிட்டார்.

அங்கே எலெக்ட்ரீஷியன் கொளஞ்சி. என் வயதுதான் இருக்கும். கம்மாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். நான் போன ஒரு மணி நேரத்துக்குள் அவரை ஏழெட்டுப் பேர் கூப்பிட்டுவிட்டார்கள். பீங்கான் மாவு அரைக்கும் பெண்கள் கூப்பிட்டார்கள், சூளைக்காரர் கூப்பிட்டார், முதலாளியின் மனைவி வீட்டு மிக்சிக்காகப் போனில் கூப்பிட்டார். எல்லோருக்கும் அவர் வேண்டும். அவரும் எல்லோருக்கும் "தோ வரேங்க" என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். ஈப்போ அலுவலகத்தில் என்னை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. பார்த்த அன்றே எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போயிற்று.

மதியம் சாப்பிடும்போது அவரே சொன்னார். ஊரில் அவர் நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கப் போவதாக நோட்டீஸ் வந்திருக்கிறதாம். நிலம் போனால் இந்த வேலைதான் எல்லாம். புது இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவருக்கே தருவதாகவும், வேலையை நிரந்தரமாக்குவதாகவும் முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் நான் வருவதற்கு முன்பே அனுப்பிய வரைபடத்தைப் பார்த்துத் தானே கம்பி இழுத்து வைத்திருக்கிறார். சொல்லிவிட்டுத் தன் டப்பாவிலிருந்த கருவாட்டுக் குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றினார். நல்ல குழம்பு. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வேலை இவ்வளவுதான். இயந்திரத்தில் ஐந்து சர்வோ மோட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவ், அதாவது மோட்டாரை ஓட்டுகிற பெட்டி. ஐந்து டிரைவுகளுக்கும் தலைமையாக ஒரு கன்ட்ரோலர். இந்த ஆறும் ஒரே இரட்டைக் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும். கன்ட்ரோலர் நம்பர் சொல்லிக் கூப்பிடும். அந்த நம்பருக்கு உரிய டிரைவ் மட்டும் பதில் சொல்ல வேண்டும், மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிடுவது போலத்தான்.

நம்பர் வைப்பது ஒவ்வொரு டிரைவிலும் உள்ள ஒரு சின்னத் திருகில். சுண்டுவிரல் நகத்தளவு வட்டம், அதில் கடுகளவு அம்புக்குறி. இதில் நான் மட்டும்தான் கை வைப்பேன், வேறு யாரும் தொடக் கூடாது என்று கொளஞ்சியிடம் கறாராகச் சொன்னேன். முதலாளியும் வேலையாட்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, குட்டித் திருப்புளியால் ஒவ்வொன்றாகத் திருப்பி, மூடியை மாட்டினேன்.

கன்ட்ரோலரை உயிர்ப்பித்தேன். ஒன்று பதில் சொன்னது. இரண்டு பதில் சொன்னது. மூன்று ஏதோ குழறியது. நான்கு மௌனம். ஐந்து கணீரென்று பதில் சொன்னது.

வேகத்தைக் குறைத்தேன், கூட்டினேன். கன்ட்ரோலரிலும் டிரைவிலும் உள்ள அத்தனை அமைப்புகளையும் மடிக்கணினியில் வரிவரியாக ஒப்பிட்டேன். செவ்வாய் முழுக்கப் போயிற்று. புதன் காலையிலும் அதே கதை.

முதலாளி வந்து பின்னால் நின்றார். ஒன்றும் பேசவில்லை. அந்த மாதிரி நிற்பவர்களுக்கு ஏதாவது பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் கம்பியைப் பார்த்தேன். மூன்றாவது டிரைவுக்கும் நான்காவதுக்கும் நடுவே கம்பி போதாமல், அந்தத் தொழிற்சாலையிலேயே செய்த பீங்கான் இணைப்புக் கட்டை ஒன்றைப் போட்டுக் கொளஞ்சி இணைத்திருந்தார். நம் ஊர்ச் சாமான் நம் இயந்திரத்திலும் இருக்கட்டும் என்று ஆசையாகப் போட்டதாம்.

"இது வீட்டில் ஃபேனுக்குப் போடுகிற கட்டை. இதைப் போட்டால் எப்படிப் பேசும்?" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

கொளஞ்சி கம்பியை மூன்றிலிருந்து ஐந்து வரை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நாலத் தாண்டித்தான சார் அஞ்சுக்குப் போவுது? அஞ்சு பேசுதே?"

கேள்வி சரியான கேள்வி. அது எனக்கும் தெரிந்தது. ஆனால் பீங்கான் கட்டைக்காரர் என்னை மடக்குவதா என்ற எரிச்சல்தான் முன்னால் வந்தது. மின் அலை, எதிரொலிப்பு என்று நாலு பெரிய வார்த்தைகளை எடுத்து வீசினேன். முதலாளி என்னை நம்பினார். மலேசியாவிலிருந்து வந்தவனை நம்பாமல் யாரை நம்புவார்?

அத்தனை கம்பியையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுக்கச் சொன்னார். நான் கொண்டுவந்திருந்த சுருளை எடுத்துக் கொடுத்தேன். கொளஞ்சி புதன்கிழமை மீதிப் பொழுது முழுவதும் இயந்திரத்துக்கு அடியில் படுத்துக் கிடந்தார். கம்பியின் உறையைச் சீவும்போது வலது கட்டை விரலில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. துணி சுற்றிக்கொண்டு வேலையை முடித்தார். மாவு அரைக்கும் பெண்கள் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். என்னை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கன்ட்ரோலரைப் போட்டேன். மூன்று குழறியது. நான்கு மௌனம்.

வியாழக்கிழமை காலை கொளஞ்சி தன் மொபெட்டோடு லாட்ஜ் வாசலில் நின்றார். கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்குப் போகலாம், கூட வர முடியுமா என்று கேட்டார். எனக்கும் இயந்திரத்தின் முகத்தில் விழிக்கப் பயமாக இருந்ததால் ஏறிக்கொண்டேன்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் ஊருக்கு மேற்கே கொஞ்ச தூரம்தான். அங்கே சாமிக்கு உருவம் இல்லை, ஒரு கல். அவரிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். அதைப் பிராது என்கிறார்கள். பொருள் தொலைந்தவர், ஏமாற்றப்பட்டவர், பொய்ப் பழி சுமந்தவர் எல்லோரும் வெள்ளைத் தாளில் குறையை எழுதி, சாமி முன்னால் வைத்து எடுத்து, கோயிலிலேயே இருக்கும் முனியப்பர் எதிரே நிற்கும் சூலத்தில் கட்டிவிடுவார்கள். தொண்ணூறு நாளில் தீர்ப்பு வந்துவிடுமாம். சூலத்தைச் சுற்றிலும் காகிதச் சுருள்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. எங்கள் ஈப்போ நகராண்மைக் கழகத்தில் கால்வாய் அடைப்புக்கு நான் கொடுத்த மனு இரண்டு வருடமாகக் கிடக்கிறது. இங்கே சாமியே கெடு வைத்து வேலை செய்கிறார்.

விரலில் கட்டு இருப்பதால் எழுத முடியவில்லை, நான் எழுதித் தர முடியுமா என்று கொளஞ்சி கேட்டார். மண்டபத்தில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டேன். முதலில் ஊரையும், அங்கிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையும் எழுதச் சொன்னார். பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். எதற்கு இவ்வளவு விவரம் என்றேன்.

"போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்குற மாதிரிதாங்க. யாரு எப்ப இன்னா செஞ்சாங்கன்னு ஒண்ணு விடாம இருக்கணும். சாமி விசாரிக்கிறப்ப கொழப்பம் வரக்கூடாது."

நான் எழுதினேன். கம்பி இழுத்தது கொளஞ்சி. கட்டை போட்டு இணைத்தது கொளஞ்சி. கன்ட்ரோலரை மாட்டியது மலேசியா இன்ஜினியர். ஐந்து டிரைவுக்கும் நம்பர் வைத்தது மலேசியா இன்ஜினியர்.

அங்கே பேனா நின்றது. அவ்வளவு நேரமும் மற்ற எல்லாவற்றையும் சோதித்தவன், நான் வைத்த நம்பரை மட்டும் சோதிக்கவில்லை. நான் வைத்ததாயிற்றே. ஒன்று வைத்தது நினைவில் இருந்தது. இரண்டும் மூன்றும் நினைவில் இருந்தன. நான்காவது டிரைவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது என் கண்ணில் இருந்தது அம்புக்குறி அல்ல, தினேஷின் தோளில் கிடந்த அந்தக் கை. நான்காவதற்கும் மூன்று என்றே வைத்திருப்பேன். இரண்டு பேருக்கும் ஒரே நம்பர். மூன்று என்று கூப்பிட்டால் இருவரும் சேர்ந்து கத்துவார்கள், ஒன்றும் விளங்காது. நான்கு என்று கூப்பிட்டால் பதில் சொல்ல ஆளே இருக்காது.

"நம்பர் வைத்ததை எழுத வேண்டுமா? அதில் என்ன தப்பு வரப்போகிறது?" என்று கேட்டேன்.

"தப்புன்னு சொல்லல சார். நடந்தது நடந்த மாதிரி இருக்கணும், அவ்ளோதான்." கடைசி வரியையும் அவரே சொன்னார். "தப்பு எம்மேல இருந்தா என்னக் கேளு. வேற யாரு மேலயாவது இருந்தா அவங்களக் கேளு. இத எளுதிடுங்க."

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, அதை வாங்கிக்கொண்டு போய்க் கட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

தொழிற்சாலைக்கு வந்ததும் அவர் மிக்சி பார்க்க முதலாளி வீட்டுக்குப் போனார். நான் நான்காவது டிரைவின் மூடியைக் கழற்றினேன். அம்புக்குறி மூன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு புள்ளி திருப்பினேன். ஐந்தும் பதில் சொல்லின. மதியத்துக்குள் இயந்திரம் ஃபியூஸ் கட்டைகளை முக்கி, துடைத்து, தட்டில் அடுக்கியது. வேலையாட்கள் கை தட்டினார்கள். காலையில்தான் கொளஞ்சி பிராது கட்டினார், மதியமே வேலை நடந்துவிட்டது என்று மாவு அரைக்கும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்போதும் புகழ் எனக்கு இல்லையே என்று ஒரு கணம் எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப் போகிறது, எரிந்தது.

ஆனால் முதலாளியின் கணக்கு வேறாக இருந்தது. புதுக் கம்பி போட்டதும் இயந்திரம் ஓடிவிட்டது, ஆகவே பழைய கம்பிதான் கோளாறு. புதுக் கம்பி போட்ட பிறகும் அது ஓடவில்லை என்பதை அவர் மறந்துவிட்டார். நானும் நினைவுபடுத்தவில்லை. கொளஞ்சியைக் கூப்பிட்டு, இந்த இயந்திரத்துக்குச் சென்னையிலிருந்து படித்த ஆளாக எடுத்துக்கொள்கிறேன், நீ சூளைப் பக்கமே பார்த்துக்கொள் என்றார். கொளஞ்சி சரிங்க என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் அவரை யார் கூப்பிட்டும் "தோ வரேங்க" என்ற பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மும்பை வியாபாரி வந்தார். இயந்திரம் ஒரு தட்டுக்கூடப் பிசகாமல் ஓடியது. முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. வியாபாரியிடம் ஆங்கிலத்தில், முதலில் எங்கள் ஆள் ஒருவன் கம்பியைத் தப்பாகப் போட்டு இரண்டு நாள் எல்லோரையும் சுற்ற விட்டான், இந்த மலேசியா சார்தான் கண்டுபிடித்தார் என்று என் முதுகில் தட்டினார். கொளஞ்சி நான்கடி தள்ளி மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றிருந்தார்.

நான் திடீரென்று நல்லவனாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குப் பயம். தொண்ணூறு நாள் என்கிற கெடு முந்தின ராத்திரி முழுக்கத் தலைக்குள் ஓடியது. என் கையாலேயே என்மேல் புகார் எழுதிச் சூலத்தில் தொங்க விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

"கம்பி சரியாகத்தான் இருந்தது. கொளஞ்சி போட்ட கட்டையும் சரிதான். நான்தான் இரண்டு டிரைவுக்கு ஒரே நம்பர் வைத்துவிட்டேன்" என்று தமிழில் சொன்னேன்.

மும்பைக்காரருக்குத் தமிழ் தெரியாது. முதலாளிக்குத் தெரியும். அவர் கை என் முதுகிலிருந்து மெதுவாக இறங்கியது. வியாபாரி கிளம்பியதும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, என் எதிரிலேயே ஈப்போவுக்குப் போன் போட்டார். மேலாளர் என்னிடம் பேச விரும்பவில்லை. அடுத்த பயணங்கள் எல்லாம் யாருக்கு என்று நான் கேட்காமலே தெரிந்துவிட்டது. முதலாளி போனை வைத்துவிட்டு, கொளஞ்சியை உள்ளே கூப்பிட்டு, மெஷின் உன்கிட்டயே இருக்கட்டும் என்றார்.

வெளியே வந்து நான் மன்னிப்புக் கேட்டேன். கொளஞ்சி சிரிக்கவில்லை. "ரெண்டு நாளு சார். எங்க வூட்ல சோறு தொண்டைல எறங்கல" என்றார். மதியம் அவர் டப்பாவைத் திறந்தபோது நான் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன். அவரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் எனக்கு ரயில். பெட்டியோடு லாட்ஜ் வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது மொபெட் வந்து நின்றது. தீர்ந்த பிராதை அப்படியே விடக் கூடாதாம். தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்க வேண்டும். விரலில் இன்னும் கட்டு. "ஏறுங்க" என்றார்.

வழியில் எதிரே வந்த இரண்டு பேர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், தலையை ஆட்டினார். இந்த ஊரில் எனக்கு இப்படித் தலையாட்ட ஒருவர்கூட இல்லை என்று நினைத்தேன். ஈப்போவிலும் இல்லை. பின் இருக்கையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் தெரிந்த அந்த முதுகின்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது.

கோயில் மேசையில் இருந்தவர் தாளைக் கொடுத்து, வாபஸ் வாங்கக் காரணம் எழுதச் சொன்னார். தவறு செய்தவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கொளஞ்சியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆளு யாருப்பா?"

"வெளியூரு ஆளுங்க. ஊருக்குப் போயிட்டாரு."

அவர் பார்வை என்மேலும் என் பெட்டிமேலும் விழுந்தது. "இவரு?"

"கையில காயம்ங்க எனக்கு" என்றார் கொளஞ்சி. "எளுதிக் குடுக்க வந்தாரு."